கறுப்பாகத் தெரியும் இடம்

டூவும்பா
ஞாயிறு மதியம்

அன்புள்ள தம்பி ராய்ஸுக்கு,

அக்கா மெரின் எழுதுவது. இதை நீ நாளைக் காலை கோரோகா விமான மைதானத்துக்கு வந்த பிறகுதான் பார்ப்பாய் என்று தெரியும். உன் மாமனார் ஊரில் போனுக்கு உயிர் இருக்காது. காலையிலிருந்து கூப்பிட்டுப் பார்த்து ஓய்ந்துவிட்டேன். உங்கள் ஆபீஸிலும் ஞாயிற்றுக்கிழமை யார் எடுப்பார்கள்? எப்போது பார்த்தாலும் சரி, வண்டியைக் கிளப்பும் முன்பு இதைக் கடைசி வரி வரை படித்துவிடு. வழக்கம்போல மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போனைச் சட்டைப்பையில் போட்டுவிடாதே.

வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. தோட்டத்தில் தக்காளியை ராத்திரி மரத்திலிருந்து இறங்கி வரும் போசம் என்ற பிராணி தின்றுவிட்டுப் போகிறது என்று தினமும் அதோடு சண்டை. நீ மலைகளுக்கு நடுவே விமானம் ஓட்டுவதை நினைத்து முன்பெல்லாம் தூங்காமல் கிடந்தவள் இப்போது நன்றாகத் தூங்குகிறாள். பக்கத்து வீட்டுக்காரி கேட்டால், "அவனுக்கென்ன, அக்கா செஞ்ச பெட்டி கூடவே இருக்கு" என்கிறாள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உன் விமானத்தில் மாட்டியிருக்கும் அந்தப் பெட்டியின் திரையில், தரைக்கு நான் கொடுத்த நிறங்கள் உனக்கு மனப்பாடம். வெகு கீழே இருக்கிற தரை கறுப்பு. உன் உயரத்துக்கு நெருங்கி வருவது மஞ்சள். மோதக்கூடியது சிவப்பு. கறுப்பாக இருந்தால் போகலாம் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. யாரும் உயரம் அளந்து வைக்காத நிலமும் அந்தத் திரையில் கறுப்பாகத்தான் தெரியும்.

முதலில் அப்படி இல்லை. அளவு இல்லாத இடத்துக்குச் சாம்பல் நிறத்தில் சாய்கோடுகள் போட்டிருந்தேன். சோதனைக்கு வந்தவர்கள் எல்லோரும் இந்தப் பக்கத்துக் கோதுமை விவசாயிகள், சொந்த விமானம் வைத்திருப்பவர்கள். கடற்கரைப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனால் கடல் முழுவதும் சாய்கோடாகத் தெரியும், ஏனென்றால் கடலை யாரும் அளந்து கொடுக்கவில்லை. "என்ன மெரின், திரைக்குக் கொசுவலை மாட்டிட்டியா?" என்று சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கடலில் முட்டிக்கொள்ள என்ன மலையா இருக்கிறது என்று நினைத்துக் கோடுகளை எடுத்துவிட்டுக் கறுப்பை நிரப்பினேன். திரை துடைத்து வைத்த மாதிரி பளிச்சென்று இருந்தது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதானே. கண்காட்சியில் அதைப் பார்த்து எல்லோரும் புகழ்ந்தபோது என் கால் தரையில் பாவவில்லை. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, ராய்ஸ். அழகு கெடுகிறதே என்று நானே எடுத்தேன். கடலை மட்டும் நினைத்தேன். அளக்கப்படாத மலை என்று ஒன்று இருக்கும் என்பது இந்தச் சமவெளியில் உட்கார்ந்திருந்த எனக்குத் தோன்றவே இல்லை.

வியாழக்கிழமை நீ அனுப்பிய படத்தைப் பார்த்த பிறகுதான் தோன்றியது. தெற்குப் பள்ளத்தாக்கில் பறந்துகொண்டே எடுத்த படம். நீ பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாய். பின்னால் இருக்கிற மூட்டைகளில் சக்கரைவள்ளிக் கிழங்கா காப்பிக்கொட்டையா என்று பெரிதாக்கிப் பார்த்தேன். அப்படிப் பார்க்கும்போதுதான் உன் வலது பக்கக் கண்ணாடி முழுவதும் மலை நிற்பது தெரிந்தது. மரங்களை ஒவ்வொன்றாக எண்ணலாம். அதற்குக் கீழே என் திரை. அதே வலது பக்கம் கன்னங்கரேல் என்று இருக்கிறது. வெயில் அடித்ததால் நீ கண்ணால் பார்த்து ஓட்டியிருக்கிறாய், திரையைக் கவனித்திருக்க மாட்டாய்.

படத்தோடு நீ எழுதியதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை. "போன வாரம் மேகம் தரையைத் தொட்டுக்கிட்டு கெடந்துச்சு. மத்தவனெல்லாம் திரும்பிட்டான். நான் உன் கறுப்பை நம்பி உள்ள பூந்துட்டேன்க்கா." நீ உயிரோடு வந்தது உன் கெட்டிக்காரத்தனமும் இல்லை, என் பெட்டியின் மகிமையும் இல்லை. மலை அன்றைக்குக் கொஞ்சம் தள்ளி நின்றது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை எங்கள் முதலாளி வார்விக்கிடம் படத்தைக் காட்டினேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் அந்தப் பக்கம் நம் பெட்டி எத்தனை இருக்கும், விரல் விட்டு எண்ணிவிடலாம், அடுத்த மென்பொருளில் சத்தமில்லாமல் சரி செய்துவிடலாம், வக்கீல் பார்க்கும் வரை யாரிடமும் மூச்சு விடாதே என்றார். நான் சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

நேற்று மாமனார் ஊருக்குக் கிளம்பும் முன்பு நீ கூப்பிட்டபோது சொல்லியிருக்கலாம். அதற்காகத்தான் காத்திருந்தேன். பிள்ளைக்குப் பல் முளைத்த கதையை நீ சொன்னாய். ஜாக்கிரதையாகப் பற என்று மட்டும் என் வாயில் வந்தது. "என்னக்கா, பிள்ளை பெத்தவன் நானு, பயப்படறது நீயா? நீ செஞ்ச பெட்டி இருக்கறப்ப எனக்கென்ன கொறச்சல்" என்றாய். வாய்வரை வந்ததை மென்று முழுங்கிவிட்டேன். வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அதைவிடப் பெரிய காரணம் வேறு. சின்ன வயதிலிருந்து இந்த வீட்டில் தப்புச் செய்பவன் நீ, திருத்துபவள் நான். அந்த இடத்தை விட்டு இறங்க மனம் வரவில்லை. உன் உயிரைவிட அது எனக்குப் பெரிதாக இருந்திருக்கிறது ஒரு நாள் முழுவதும். என்ன அக்கா நான்?

இன்று காலை இதே விஷயத்தை உன் முதலாளிக்கும் எழுதி, படத்தையும் சேர்த்து அனுப்பிவிட்டேன். உன் பேச்சை நம்பித்தான் அவர் தன் மூன்று விமானங்களிலும் இந்தப் பெட்டியை மாட்டினார். மேகத்துக்குள் போனதற்கு உனக்கு நல்ல மண்டகப்படி கிடைக்கும். உன்னைக் கேட்காமல் செய்ததற்கு மன்னித்துக்கொள். எங்கள் பெட்டியை வாங்கிய எல்லோருக்கும், விமானப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் எழுதிய கடிதங்களும் இதோடு போகின்றன. வார்விக் நாளை என்ன சொல்வார் என்று தெரியும். சொல்லட்டும்.

நீ செய்ய வேண்டியது இது. ஒரு பிஸ்கட் பெட்டியின் அட்டையை வெட்டி, திரையின் வலது பாதியில் வரைபடம் வரும் இடத்தை முழுவதும் மூடி ஒட்டிவிடு. வேகமும் உயரமும் காட்டும் இடது பாதி சரியாகத்தான் இருக்கிறது, அதை நம்பலாம். மற்ற இரண்டு வண்டிகளுக்கும் நீயே ஒட்டு. கண்ணுக்கு மலை தெரிந்தால் மட்டும் போ. தெரியாவிட்டால் திரும்பி வந்துவிடு, யார் என்ன கேலி செய்தாலும். உன் பெண்டாட்டி நேமாவிடம் இதை மறைக்காதே. அவளிடம் நான் தனியாகப் பேச வேண்டும், இப்போது அதற்கு முகம் இல்லை. அம்மாவிடம் இன்று சாயங்காலம் நானே சொல்கிறேன்.

நீயும் உன் குடும்பமும் ஆயுசோடு இருக்க வேண்டும். உனக்கு என்மேல் கோபம் வரும், வரவும் வேண்டும். எழுத்தில் வேண்டாம், நாளை சாயங்காலம் இறங்கியதும் கூப்பிட்டு உன் வாயால் திட்டு. அதுவரை போனைக் கையிலேயே வைத்திருப்பேன்.

உன் அக்கா,
மெரின்