கணவாயில் எரிக்க வேண்டிய மணச்சீர்

நலம் ஓங்குக, நீர் நிலைபெறுக, செங்கோல் சாயாது நிற்க. முகில் தங்கும் பனிச்சுனை நாட்டைக் காத்தருளும் வேள் ஆதன்கண்ணனார் திருமுன்பு, கொன்றையாற்று நாட்டு மன்னர் வேழமாறர் மொழிந்தபடி அமைச்சன் எயினந்தத்தன் எழுதும் ஓலை. தங்கள் அரண்மனையும், தங்கள் மைந்தர் மணமகன் கண்ணஞ்சாத்தரும், மலைச்சரிவின் வாழைத் தோட்டங்களும் பழுதின்றி இருக்க வேண்டுகிறோம். அத்தோட்டங்களின் பொருட்டே இவ்வோலை விரைந்து வருகிறது.

எங்கள் இளவரசி நன்முல்லையாருடன் மணச்சீராகச் சில வாரங்களுக்கு முன் புறப்பட்ட வாழைமர வண்டிகள் இந்நேரம் எல்லைக் கணவாயை நெருங்கியிருக்கும். அவற்றைத் தாங்கள் உள்ளே விட வேண்டா.

காரணம் கேட்டருள்க. எங்கள் வழக்கில் பெண்வீட்டில் பந்தக்கால் நட்டபின், தாலி ஏறும்வரை, அவ்வீட்டுத் தோட்டத்து வாழையில் கத்தி படலாகாது. இவ்வாண்டு பந்தக்கால் நட்டதும் மழை பிடித்துக்கொண்டது. பகலெல்லாம் தூறல், விடிந்தால் மூடுபனி, நடுவே புழுக்கம். இலை காயவே இல்லை. நாள்தோறும் தோட்டம் போய்வரும் அரசர், ஒருநாள் இலை நரம்பை ஒட்டி மஞ்சள் கீற்றுகளைக் கண்டார். நோய்கண்ட இலைகளை உடனே அறுத்துப் புதைத்து, நெருங்கி நின்ற பக்கக்கன்றுகளைக் களைந்து, தேங்கிய நீரை வடிக்க வேண்டும் என்றாள் தோட்டம் பார்க்கும் மாசாத்தி. யாவரும் அறிந்த வைத்தியம் அது; அரசரும் அறிவார். ஆயினும் கத்தி படலாகாதே என்று தயங்கினார். மகள் தாலிக்காகத் தோட்டத்தின் தாலியை அறுக்கப் போகிறீரா என்று மாசாத்தி கேட்டதாகவும், அரசர் வாய்விட்டுச் சிரித்ததாகவும் உடனிருந்தோர் சொல்வர். அவர் சிரித்தது அன்றோடு சரி.

கத்திக்கு மாற்றாக மருந்து தேடினார். மருத்துவர் சொற்படி மயில்துத்தம் என்னும் நீல நச்சுப்பைக் கரைத்து அளவின்றித் தெளித்தார்கள். அடைமழை அதைக் கழுவி வாய்க்காலில் சேர்த்தது. குளத்து மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. அந்நீர் குடித்த ஆட்டுக்குட்டிகள் மடிந்தன. நோயோ நிற்கவில்லை.

வண்டிகள் புறப்பட்ட காலையில் வானம் வெளுத்திருந்தது. குலை தள்ளிய மரங்களைக் கத்தி படாமல் கடப்பாரையால் வேரும் மண்ணுமாகப் பெயர்த்து ஏற்றினார்கள். பச்சையாக நின்றவற்றையே அரசர் தம் கையால் தொட்டுத் தேர்ந்தார். இந்நோய் இலைக்குள் மறைந்து வளர்ந்து பின்னரே முகம் காட்டும் என்பதை, மகளை வழியனுப்பும் மகிழ்ச்சியில் மறந்தார். அவற்றின் அருகே அன்று பச்சையாய் நின்ற மரங்கள் இன்று தீய்ந்து கிடக்கின்றன. கீற்றுகள் பழுப்புப் புள்ளிகளாகி, புள்ளிகள் ஒன்றுகூடி, இலைகள் தண்டோடு ஒட்டித் தொங்குகின்றன. காய்கள் பருக்காமலே பழுக்கின்றன. மழைத்துளியும் காற்றும் நோயை அடுத்தடுத்த ஊர்களுக்குக் கொண்டுபோயின. வாழையால் பிழைக்கும் குடிகள் தீய்ந்த இலைகளோடு அரண்மனை வாயிலில் வந்து நிற்கிறார்கள். அரசர் அப்பக்கத்துச் சாளரத்தை அடைத்துவிட்டார்.

தங்கள் மலையில் உச்சிவேளை வரை இலையில் ஈரம் காய்வதில்லை. அங்கே ஊர்வாயில் தோறும் இம்மரங்களைக் கட்டிப் பின் நட்டால், ஒரு மழைக்காலம் போதும்.

சீரைத் தாங்கள் எரித்தால் பெண்ணை மறுத்ததாகும். நாங்கள் ஆள்விட்டு எரித்தால் பெண்ணைத் திரும்ப அழைத்ததாகும். மணமகள் தன் கையால் எரித்தால் மட்டுமே மணம் முறிந்ததாகாது. முடிவு தங்கள் கையில் நிற்கும். இரு நாட்டு வழக்கும் இதில் ஒன்றே. ஆகவே இவ்வோலையைக் கணவாயில் நன்முல்லையார் செவிப்படப் படிக்கச் செய்க. தந்தை தேர்ந்து தந்த மரங்களுக்கு மகளே தீயிட வேண்டும் என்பது அரச ஆணை. பச்சை மரம் எளிதில் எரியாது. வைக்கோலும் உலர்ந்த விறகும் தந்து உதவுக. எரியாத தண்டையும் கிழங்கையும் ஆழக் குழிவெட்டி அங்கேயே மூடுக. வேரோடு வந்த மண்ணும் அக்குழியிலேயே போகட்டும். இனி அங்கு எந்த இலையிலேனும் கீற்றுக் கண்டால், எந்த நாளாயினும், எவர் வீட்டு மணமாயினும், கத்தி எடுக்கத் தயங்க வேண்டா. மயில்துத்தத்தை நாட வேண்டா.

வெறுங்கையோடு நிற்கும் பெண்ணைத் தாங்கள் ஏற்பதாயின், சாம்பலில் ஒரு பிடியை இத்தூதனிடம் தந்தருள்க. ஏற்காவிடில், வெற்று வண்டியில் அவளை ஏற்றி அனுப்புக, பழி சொல்லோம். இன்று காலை அரசர் தாமே கத்தி எடுத்துத் தம் தோட்டத்தின் கடைசி மரத்தையும் வெட்டிவிட்டார். மகள் மணக்கோலத்தில் வந்தாலும், மறுக்கப்பட்டு வந்தாலும், எங்கள் வாயிலில் கட்ட வாழை இல்லை.

மன்னர் முன்னிலையில் நாரை முத்திரை இட்டோம். ஆணை இது, மாற்றமில்லை.