ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பெயர்

டெல்ப்ரோக்,
நவம்பர், ஞாயிறு மாலை.

அன்பு மகள் மரேனுக்கு,

நான் சுகம். ஈரக்காற்றில் முழங்கால் மட்டும் மக்கர் செய்கிறது. உன் கடிதம் கிடைத்தது. நீ டோபியாஸை மணக்கப்போவதில் எனக்கு ரொம்ப மகிழ்ச்சி. பதிவு அலுவலகத்தில் இரண்டு சாட்சிகளோடு முடித்துக்கொள்கிறோம், நீங்கள் அவ்வளவு தூரம் அலைய வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். சரி.

ஓவர்பெக் என்ற பெயரை விட்டுவிட்டால் எனக்கு மனம் நோகுமா, அது எங்கிருந்து வந்தது, மியூனிக்கில் யாருக்கும் இல்லையே என்று கேட்டிருக்கிறாய். அங்கே அதிகம் இருக்காது. அது எங்கள் பக்கத்துப் பேச்சு. ஓடைக்கு அப்பால் என்று பொருள். இங்கே தொலைபேசிப் புத்தகத்தைப் பிரித்தால் ஓவர்பெக்குகள் வரிசைகட்டி நிற்பார்கள். எல்லோரும் சொந்தம் என்று நினைத்துவிடாதே. ஓடைக்கு அந்தப் பக்கம் பண்ணை வைத்திருந்தவனுக்கெல்லாம் அதே பெயர்தான்.

நான் பிறப்பால் டெவெஸ் என்பது உனக்குத் தெரியும். நாலாவது மகன், கையளவு நிலம் கிடையாது. வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தபோது, என் பெயர் போகிறதே என்று முனகினேன். "பேரு வீட்டோடது மாப்ளே. அங்க அடுப்பெரிக்கிறவன் யாரோ, அவன்தான் ஓவர்பெக்" என்றார் உன் தாத்தா. பிறகு அதுவே எனக்குப் பெருமையாகிவிட்டது.

உன் அம்மா போனபின் பண்ணையை யான்சனுக்கு விற்றேன் அல்லவா, நல்ல உழைப்பாளி. போன ஞாயிறு பூசை முடிந்து பெர்ன்டின் மதுக்கடையில் உட்கார்ந்திருந்தோம். பெர்ன்ட் கோப்பையை வைத்து, "ஓவர்பெக், ஒன் பீர்" என்றான். எழுந்து போய்க் கையை நீட்டினேன். பின்னாலேயே யான்சனும் வந்து நின்றார். "ஒனக்கில்ல அல்ஃபோன்ஸ், ஓவர்பெக்குக்கு" என்றான் பெர்ன்ட். சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். வீட்டை விற்றவன் பெயரையும் சேர்த்துத்தான் விற்றான் என்றான் ஒருவன். யாருக்கும் கெட்ட எண்ணமில்லை. ஊர் வழக்கம் அது. நானும் எத்தனையோ பேரை அப்படிக் கூப்பிட்டவன்தான். யான்சன்தான் பாவம், முகம் சிவந்து கோப்பையை என் பக்கம் தள்ளினார்.

நானும் சிரித்து வைத்தேன். இப்போதிருக்கும் வாடகை வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன், மரேன். அரசாங்கத் தாளில் நான் இன்னும் ஓவர்பெக்தான். டெவெஸ் என்று யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக்கூடத் தோன்றாது. இப்போது எல்லோருக்கும் வெறும் அல்ஃபோன்ஸ். அதையும் ஒரு ஞாயிறுக்கும் அடுத்த ஞாயிறுக்கும் நடுவில் சொல்ல ஆளில்லை.

ஆகையால் எனக்காக அந்தப் பெயரைச் சுமக்காதே. டோபியாஸின் பெயரைத் தாராளமாக எடுத்துக்கொள்.

இரண்டாவது சாட்சி உன் பக்கத்து வீட்டுப் பெண் என்று எழுதியிருந்தாய். நல்லவளாகத்தான் இருப்பாள். சும்மா ரயில் நிலையத்தில் விசாரித்தேன். ஒரே இடத்தில் வண்டி மாறினால் போதுமாம். என் முழங்காலுக்கு அது ஒரு அலைச்சலே இல்லை. கறுப்புக் கோட்டைச் சலவைக்குப் போட்டிருக்கிறேன்.

நீங்கள் இருவரும் மனம் ஒத்து நெடுநாள் வாழ வேண்டும். பெண்ணின் அப்பா வந்திருக்கிறாரா என்று அங்கே யாராவது கேட்டால், இல்லை என்று சொல்லும்படி வைத்துவிடாதே அம்மா.

உன்
அப்பா