ஒற்றைத் துடிப்பு

மார்ச் 3

அன்புள்ள வாயாடிக்கு,

நலமா? மகள் நலமா? ஆறு வருடம் கழித்து எழுதுகிறேன், திட்டிக்கொண்டே படி.

நம்முடைய காந்த நட்சத்திரம் நினைவிருக்கிறதா? ஒரு சுற்றுக்கு இரண்டு முறை அதன் ரேடியோ அலை நம் பக்கம் திரும்பும் என்றது நீ கணினியில் உருவாக்கிய மாதிரி. தொலைநோக்கித் தரவைச் சுற்றுச் சுற்றாக வெட்டி அடுக்கிய நான், ஒரே துடிப்புதான் என்றேன். தவறு என்னுடையது. பாதிச் சுற்றின் நேரத்தை முழுச் சுற்று என்று போட்டுவிட்டேன். இரண்டு துடிப்பும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒன்றாகத் தெரிந்தன. பழைய கோப்புகளைப் புரட்டியபோது கண்ணில் பட்டது. உன் கணினி மாதிரிதான் சரி. மன்னித்துவிடு.

உன் நெட்டச்சி

மார்ச் 19

அடி நெட்டச்சி,

ஆறு வருடமாக ஒரு வரி இல்லை, இப்போது இப்படி ஒரு கடிதமா! ஆசிரியர் அறையிலேயே அழுதுவிட்டேன். "யாருக்கு என்னாச்சு டீச்சர்?" என்று எல்லோரும் ஓடிவந்தார்கள். "ஒண்ணுமில்ல, நான் முட்டாள் இல்லன்னு தெரிஞ்சுபோச்சு" என்றேன்.

நம் ஆய்வு வழிகாட்டி "இது தேறாதும்மா" என்று என் ஆய்வுத் தாளை மூடிய நாளிலிருந்து என் மூளைமேலேயே எனக்கு நம்பிக்கை போயிருந்தது. மகளுக்குக் கூட்டல் சொல்லித்தரக்கூட இரண்டு தடவை சரிபார்ப்பேன். உன்மேல் கோபமில்லை, கை தவறுவது யாருக்கும் நடக்கும். அப்போதே தெரிந்திருந்தால் ஓடிவந்து சொல்லியிருப்பாய், எனக்குத் தெரியாதா?

வாயாடி

ஏப்ரல் 2

வாயாடி,

நீ கடைசியாக எழுதிய வரி என்னைச் சாப்பிட விடவில்லை. நீ ஆய்வை விட்டுப் போவதற்கு நான்கு நாள் முன்பே எனக்குத் தெரியும். அந்த ஒற்றைத் துடிப்பை வைத்து என் கட்டுரை அச்சுக்குப் போயிருந்தது. எனக்கு வேலை கிடைத்ததும் அதனால்தான். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே இருந்தேன். உன் புத்தகப் பெட்டிகளுக்குக் கயிறு கட்டியது நான். "நீயாவது இருக்கியேடி" என்று என் கையைப் பிடித்தாய். அப்போதும் வாய் திறக்கவில்லை. என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. இதழுக்குத் திருத்தம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நெட்டச்சி

ஏப்ரல் 20

வணக்கம்.

திருத்தத்தில் தவறு உங்களுக்குத் தெரிந்த தேதியையும் எழுதுங்கள். அந்தக் கணினி மாதிரி என்னுடையது என்று என் முழுப் பெயரோடு போடுங்கள்.

உங்கள் முதல் கடிதத்தை மகளுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டாவதைக் காட்டவில்லை. இன்னும் உங்களைச் சித்தி என்றுதான் சொல்கிறாள், சொல்லிவிட்டுப் போகட்டும். எனக்கு இனி எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
கணித ஆசிரியை