மஜ்ஜையை விட்டு வராத அணுக்கள்

மருமகளுக்கு,

நீ இதைப் படிக்காமல் கிழித்துப் போட்டாலும் நான் எழுதத்தான் போகிறேன். சர்ச் மண்டபத்து வெள்ளிக்கிழமை மீன் விருந்தில், ஊரே கேட்க, "வீட்டைப் பெருக்கித் தொடைச்சா பேத்திக்கு ஏன் அடிக்கடி நிமோனியா வருது?" என்றேன். "நீங்களே வந்து பெருக்குங்க மாமா" என்று சொல்லிவிட்டு மார்னியைத் தூக்கிக்கொண்டு போனாய்.

மார்னிக்கு இருப்பது பரம்பரைக் கோளாறு என்று அவளைப் பார்க்கும் பொடியன் டாக்டர் சொல்லி என்னிடமும் ரத்தம் எடுத்தான்; நேற்று அதன் முடிவு வந்தது. அவனை நம்பாமல் நூலகத்தில் உட்கார்ந்து நானே படித்தேன். ரத்த வெள்ளை அணுவின் மேல் ஏற்பி என்று கொக்கி போல ஒன்று இருக்கிறது. அதுதான் அணுவை எலும்பு மஜ்ஜையில் பிடித்து வைக்கிறது. தேவைப்படும்போது விட்டுவிட வேண்டும். மார்னிக்கு அது விடுவதில்லை. அதனால் கிருமியோடு சண்டை போட அணுக்கள் வெளியே வருவதில்லை.

எனக்கும் அதே கோளாறு. என் கை மருக்களெல்லாம் பால் கறக்கும்போது மாட்டு மடியிலிருந்து ஒட்டிக்கொண்டவை என்று ஆயுள் முழுக்கச் சொல்லிவந்தேன். அவையும் இதனால்தான். என்னிடமிருந்து மகனுக்கு, அவனிடமிருந்து குழந்தைக்கு. உன் பக்கத்திலிருந்து எதுவும் வரவில்லை.

டாக்டரின் பேச்சு எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. ஆனால் அவன் சொன்னது சரி.

இன்று காலை உன் வாசல்வரை வந்தேன். ஜன்னல் வழியே பார்த்தால், நீ மண்டியிட்டுத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாய். வெட்கத்தில் கதவைத் தட்டாமல் திரும்பிவிட்டேன்.

தேய்த்தது போதும் அம்மா. மார்னியைப் பார்க்க நான் வரலாமா என்று மட்டும் சொல்.

உன் மாமனார்