ஏழாம் எண் ஷூ

சாந்தோம்,
8.2.2025

அன்புள்ள ஷாகிரா,

மெமரி கார்டு பன்னிரண்டும் இந்தக் கவரில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஷூவின் எண்ணை எழுதி ஒட்டியிருக்கிறேன். போனில் பேசினால் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய். கார்டோடு கடிதமும் இருந்தால் படித்துத்தானே ஆக வேண்டும்?

போன ஞாயிறு பாலவாக்கம் பயிற்சி மையத்தின் தேர்வு. நான் பயிற்சி கொடுக்கும் பத்தொன்பது பெண்களும் ஓடினார்கள். நானூறு மீட்டரில் நம் பூஜா முதலிடம். பதினேழு வயதாகிறது, மையத்தில் சேர அவளுக்கு இதுதான் கடைசி வருடம். சேர்ந்துவிட்டால் விடுதி, சாப்பாடு, கல்லூரி எல்லாம் அவர்கள் பொறுப்பு. பட்டியல் வருவதற்குள்ளேயே அவளுடைய அம்மா மீன் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார்.

உன் ஷூக்களைப் பெண்கள் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறார்கள். உள்ளே சென்சார் இருக்கிறதே என்ற கவலை ஒருத்திக்கும் இல்லை. ஆராய்ச்சி முடிந்ததும் திருப்பிக் கேட்பாயா என்பதுதான் கவலை. கேட்டால் துரத்துவார்கள், உன்னால் இப்போது ஓட முடியாது, சொல்லிவிட்டேன்.

உன்
அன்புக்கரசி


அடையாறு,
24.2.2025

என் அன்பு,

உட்கார்ந்து கொண்டு படி. ஆறு வருடமாகத் தேடியது கிடைத்துவிட்டது.

ஷூவுக்குள் நான் வைத்த நுரைத்தாள் கால் பதியும் அழுத்தத்தை ஒவ்வொரு அடிக்கும் பதிவு செய்கிறது, உனக்குத் தெரியும். சாதாரண நாட்களில் பன்னிரண்டு பேரும் அவரவர் பாணியில்தான் ஓடுகிறார்கள். தேர்வு, போட்டி என்று வந்தால் ஐந்து பேருக்குக் கால் பதியும் விதமே மாறிப்போகிறது. மனப் பதற்றம் பாதத்தில் தெரிகிறது, அன்பு! எங்கள் உளவியல் பேராசிரியரே நம்பாமல் இரண்டு முறை பார்த்தார். கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டோம். ஜூனில் வாய்மொழித் தேர்வு. முப்பத்தாறு வயதுக்காரி இன்னும் என்ன படிக்கிறாள் என்று இனி எந்தக் கல்யாண வீட்டிலும் யாரும் கேட்க முடியாது.

பாலவாக்கம் மையத்துக்காரர்களும் ஆர்வமாக இருக்கிறார்கள். இந்தத் தேர்வின் முடிவுகளைக் கேட்டார்கள், கொடுத்தேன். பட்டியல் போடும்போது அதையும் பார்ப்பார்களாம்.

உன்னால்தான் இதெல்லாம். அம்மா உனக்கு துஆ செய்வதாகச் சொல்லச் சொன்னார்.

ஷாகிரா


சாந்தோம்,
11.3.2025

அன்புள்ள ஷாகிரா,

பட்டியல் வந்துவிட்டது. பூஜாவின் பெயர் இல்லை. அவளுக்குப் பின்னால் வந்த இரண்டு பேர் இருக்கிறார்கள். நேரில் போய்க் கேட்டேன். 'நேரமெல்லாம் சரி மேடம், பிரஷர்ல இந்தப் பொண்ணு உடைஞ்சிடுதுன்னு ரிப்போர்ட்ல கீது' என்று ஒரு தாளைக் காட்டினார்கள். தாளின் அடியில் உன் பெயர்.

பூஜா நான்கு நாளாக மைதானத்துக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனேன். அழவெல்லாம் இல்லை. 'எக்கா, நான் பயந்துட்டேன்னு மிசினு சொல்லிச்சாமே. எனக்கே தெரியாமயா நான் பயந்துக்கினு இருந்தேன்?' என்று கேட்டாள்.

உன் கணக்கு தப்பாக இருக்க வாய்ப்பே இல்லையா? பார்த்துச் சொல்.

அன்புக்கரசி


அடையாறு,
16.3.2025

அன்பு,

உன் கடிதத்தைப் படித்ததும் கோபம்தான் வந்தது. உனக்குப் பிடித்த பெண் என்பதால் ஆராய்ச்சியைத் தப்பு என்பதா என்று நாலு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். பிறகு நோன்பு திறந்துவிட்டு, ஏழாம் எண் கார்டை முதலிலிருந்து பார்த்தேன்.

தேர்வு நாளில் பூஜாவின் இரண்டு ஓட்டங்களுக்கும் நடுவில், கால் பதியும் விதம் மாறிய அதே நேரத்தில், ஷூவின் மேல் விழுந்த எடையும் திடீரென்று ஆறு கிலோ கூடியிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் பழையபடி குறைந்திருக்கிறது. இதை நான் முன்பே பார்த்தேன். வியர்வையில் சென்சார் நனைந்து தடுமாறுகிறது என்று முடிவு செய்து, எடையைச் சரிசெய்யும்படி நிரலில் நானேதான் எழுதினேன். பதறியதாக நான் சொன்ன மற்ற நான்கு பேரின் கார்டிலும் இதே மாதிரி இருக்கிறது.

பத்து நிமிடத்தில் எந்தப் பெண்ணும் ஆறு கிலோ ஏறமாட்டாள். அன்றைக்கு என்ன நடந்தது, மறைக்காமல் எழுது.

ஷாகிரா


சாந்தோம்,
19.3.2025

ஷாகிரா,

ஷூ பன்னிரண்டு ஜோடி, பெண்கள் பத்தொன்பது பேர். போட்டி நாளில் ஓடி முடித்தவள் கழற்றிக் கொடுப்பாள், அடுத்தவள் மாட்டிக்கொண்டு ஓடுவாள். எங்கள் மைதானத்தில் என்றைக்கும் அப்படித்தான். அன்று பூஜாவின் ஷூவைப் போட்டுக்கொண்டு, ஷூ கிடைக்காத ஏழு பேரில் ஒருத்தியான சிம்ரா ஓடினாள். சிம்ராவுக்கு இடம் கிடைத்துவிட்டது, அவள் உன் பன்னிரண்டு பேரில் இல்லாததால் அவளைப் பற்றி ரிப்போர்ட்டும் இல்லை.

மாவட்டப் போட்டியில் நீயே என் ஷூவில் ஓடியவள்தானே, உனக்குத் தெரியாதா என்று முதலில் நினைத்துக்கொண்டேன். ஆனால் அது பாதி உண்மைதான். வேறு யாரும் அணியக் கூடாது என்று நீ கொடுத்த படிவத்தில் இருந்தது. படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். சொன்னால் ஷூவைத் திரும்ப எடுத்துக்கொள்வாயோ என்று பயந்தேன். பயந்தவள் நான்தான், பூஜா இல்லை.

இது உன் பட்டத்தை என்ன செய்யும் என்று எனக்குப் புரிகிறது. மன்னித்துவிடு என்று எழுதக் கை வரவில்லை. இந்தக் கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் காட்டு.

அன்புக்கரசி


அடையாறு,
27.4.2025

அன்பு,

உன் கடிதத்தைப் பேராசிரியரிடம் காட்டினேன். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். ஜூனில் வாய்மொழித் தேர்வு கிடையாது. எப்போது என்றும் தெரியாது. உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, அது சீக்கிரம் போகாது. பெருநாளுக்கு உன்னை அழைக்காததும் அதனால்தான். ஆறு கிலோவைக் கண்ணால் பார்த்தும் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காத என் மேல் வருகிற கோபம் அதைவிடப் பெரிது.

பயிற்சி மையத்தில் மூன்று நாள் உட்கார்ந்தேன். கடைசியில், அறிக்கை கொடுத்தவளே சோதித்துக் கையெழுத்துப் போட்டால் பார்க்கலாம் என்றார்கள். நேற்று அவர்கள் முன்னாலேயே பூஜா இரண்டு முறை ஓடினாள். லேஸை நான்தான் கட்டினேன், அவிழ்த்ததும் நான்தான். அந்தப் பெண்ணுக்கு அதைவிடப் பதற்றமான நாள் இருக்க முடியாது. இரண்டு ஓட்டத்திலும் கால் பதிந்த விதம் கொஞ்சமும் மாறவில்லை.

எங்காவது மாறியிருக்காதா என்று மூன்று முறை பார்த்தேன். ஆமாம், அவள் பதறியிருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஒரே ஒரு பெண்ணிடமாவது என் ஆராய்ச்சி உண்மையாகிவிடாதா என்று இருந்தது. இதை உன்னைத் தவிர யாரிடமும் எழுத முடியாது. மூன்றாம் முறையும் மாறவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். சாயங்காலமே இடம் கொடுத்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை அவளை விடுதியில் சேர்க்கக் கூட வரும்படி அவளுடைய அம்மா கூப்பிட்டார். நீ போய் வா. நான் வந்தால் பூஜா எனக்கு நன்றி சொல்வாள். அதைக் கேட்டுக்கொண்டு நிற்க எனக்குத் தெம்பில்லை.

ஷாகிரா