எத்தனை ரிமோட்?

சகலை,

உங்கள் ரிமோட் என் மேசைமேல் இருக்கிறது. நீங்கள் போட்டுவைத்த அதே சின்னப் பிளாஸ்டிக் பைக்குள், ரப்பர் பேண்ட் இரண்டு சுற்றுச் சுற்றியபடி. பையைப் பிரித்தேன், ஹோட்டல் சலவைச் சோப்பின் வாசம் வந்தது. நீங்கள் போய் மூன்று மாதமாகிறது. சோப்பு இன்னும் போகவில்லை.

எரிச்சலில்தான் எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாதி எரிச்சல் உங்கள்மேல், பாதி என்மேல். முந்தாநாள் சனிக்கிழமை நான் செய்த ஒரு காரியத்தால் அக்கா என்னோடு பேசுவதில்லை. உங்கள் மனைவியை எனக்குத் தெரியாதா? கோபம் வந்தால் திட்டித் தீர்த்துவிடுகிறவர். இந்த முறை திட்டவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் சமையலறை ஜன்னலைச் சாத்திக்கொண்டுவிட்டார். இன்று சாயங்காலம் ஆறு மணிக்குள் அந்த ஜன்னலை நான் திறக்க வைக்க வேண்டும். அதற்கு உங்கள் ரிமோட்டைக் கார் மறுபடி அடையாளம் கண்டுகொள்ள வேண்டும்.

எல்லாம் அந்தக் காரால் வந்த வினை. அக்காவை நீங்களும் தங்கையை நானும் கட்டினோம், அடுத்தடுத்த வீட்டுக்குக் குடிவந்தோம், அதோடு விட்டிருக்கலாம். ‘ரெண்டு வீட்டுக்கு ஒரு கார் போதும் சகல’ என்றது நீங்கள்தான். டுரியான் துங்கால் பக்கத்து எஸ்டேட்டில் இரண்டு வீட்டுக்கு ஒரு குழாய் என்று வளர்ந்தவர்கள் நாம், காரையும் அப்படியே நினைத்துவிட்டோம். திங்கள், புதன், வெள்ளி உங்களுக்கு, தஞ்சோங் கிளிங் ஹோட்டலுக்குப் போக. செவ்வாய், வியாழன், சனி எனக்கு, தொழிற்சாலைக்கு. ஞாயிற்றுக்கிழமை நால்வரும் உம்பாய்க்குப் போய்ச் சுட்ட மீன் சாப்பிடுவோம்.

பின்வரிசை வீட்டில் ஒரு காரின் ரேடியோ திருடு போனது. மறுவாரமே நீங்கள் அலாரம் மாட்டிக்கொண்டு வந்து நின்றீர்கள். ஆளுக்கொரு ரிமோட், ஒரே பொத்தான். ஒரு தடவை அழுத்தினால் பூட்டும், மறுதடவை அழுத்தினால் திறக்கும். அன்றிலிருந்து என் நிம்மதி போயிற்று. உங்கள் முறை வரும் நாளெல்லாம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து, காரைப் பூட்டி, வாசலுக்குப் போய், பூட்டியிருக்கிறதா என்று பார்க்க இன்னொரு தடவை அழுத்துவீர்கள். அது திறந்துகொள்ளும். ‘பீக் பீக்’ என்று சத்தம் கேட்டதும் திருப்தியாக உள்ளே போய்விடுவீர்கள். ஒரு சத்தம் என்றால் பூட்டு, இரண்டு என்றால் திறப்பு என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? செவிடன் காதில் ஊதிய சங்குதான். நான் எழுந்து போய்ப் பூட்டிவிட்டு வருவேன்.

உம்பாயில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மிச்சமிருந்த மீனைப் பையில் கட்டிப் பின்சீட்டில் வைத்தேன், மிளகாய்ச் சம்பால் ஒழுகிவிட்டது. ஊரார் படுக்கை விரிப்பையெல்லாம் வெள்ளைவெளேர் என்று வெளுத்துக் கொடுக்கும் சலவைப் பகுதி சூப்பர்வைசர் அல்லவா நீங்கள்? ‘இது என்னா, காரா மீன் லோரியா?’ என்றீர்கள். அக்கா முன்னால், என் மனைவி முன்னால். எனக்கு உறைத்தது.

செவ்வாய்க்கிழமை காலை என் ரிமோட்டை அழுத்துகிறேன், கார் அசையவில்லை. சாவி போட்டுக் கதவைத் திறந்தால் சைரன் அலறுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. தெருவே வெளியே வந்துவிட்டது. உங்கள் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கலாம். தட்டவில்லை. மீனுக்காக மனுஷன் என்னைக் காரிலிருந்தே நீக்கிவிட்டார் என்று முடிவுகட்டிவிட்டேன். அலாரம் மாட்டிய மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டேன். அந்தச் சீனன் மோட்டார் சைக்கிளில் வந்து, டேஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டபடி, எத்தனை ரிமோட் என்று மலாயில் கேட்டான்.

ஒன்று என்றேன். உங்களுடையதைச் சேர்க்கக் கூடாது என்று வேண்டுமென்றேதான் சொன்னேன்.

மறுநாள் புதன். தேய்த்த சட்டையோடு நீங்கள் கார் பக்கத்தில் நிற்கிறீர்கள், சைரன் அலறுகிறது. நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பார்த்துச் சந்தோஷப்பட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். வியாழன் எனக்கு நடந்தது. வெள்ளி உங்களுக்கு நடந்தது. அக்காவும் தங்கையும் மட்டும் வேலிக்கு மேலே குழம்புக் கிண்ணத்தை மாற்றிக்கொண்டு, நம் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் ஒரே காருக்கு இரண்டு ஆள் மாறி மாறிக் கூப்பிடுவதை அந்த மெக்கானிக்கே கண்டுபிடித்தான். இரண்டு பேரையும் தனித்தனியாகச் சனிக்கிழமை பத்து மணிக்குக் கடைக்கு வரச் சொன்னான், மற்றவர் வருவதைச் சொல்லாமல். அங்கே போன பிறகுதான் தெரிந்தது. திங்கட்கிழமை ஹோட்டலில் யூனிஃபார்மோடு சேர்த்து ரிமோட்டையும் துவைத்துவிட்டீர்கள். மெக்கானிக்கை அங்கேயே வரவழைத்துப் புதிதாக ஒன்று வாங்கிப் பதித்தீர்கள். எத்தனை ரிமோட் என்று உங்களையும் கேட்டிருக்கிறான். கையிலிருந்ததைப் பார்த்து ஒன்று என்றிருக்கிறீர்கள். அவ்வளவுதான் விஷயம். புதிதாகப் பதிக்கும்போது எல்லா ரிமோட்டும் கூடவே இருக்க வேண்டுமாம், இல்லாததைக் கார் மறந்துவிடுமாம். சலவைக்காரர் தன் ரிமோட்டையே துவைத்த கதைக்கு நான் ஒரு வாரம் வன்மம் வளர்த்திருக்கிறேன்.

மெக்கானிக் இருவரையும் காரில் உட்காரவைத்தான். சாவியை மூன்று முறை திருப்பி, கீழே இருக்கும் பொத்தானை அழுத்தினால் ‘பீக்’ என்று ஒரு சத்தம் வரும், பத்து வினாடிக்குள் இரண்டு ரிமோட்டையும் அடுத்தடுத்து அழுத்த வேண்டும் என்றான். சத்தம் வந்தது. ‘நீங்க மொதல்ல’ என்றீர்கள். இல்லை, பெரியவர் நீங்கள்தான் என்றேன். அது எப்படி, தப்பு என்மேல் என்றீர்கள். நேரம் முடிந்து கார் நீளமாக ஊளையிட்டது. இரண்டாம் தடவையும் அதே மரியாதை. மூன்றாம் தடவை மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டு, நம் இரண்டு பேர் கையையும் பிடித்து அவனே அழுத்திவிட்டான். வீட்டுக்கு வரும்வரை சிரித்தோம். அன்றைக்குத்தான் இந்தப் பிளாஸ்டிக் பையை வாங்கினீர்கள்.

இப்போது முந்தாநாள் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

நீங்கள் வேலையிடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள், எழுந்திருக்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து கொஞ்ச நாளில் கார் தொல்லை கொடுக்க ஆரம்பித்தது. சாயங்காலம் நான் பூட்டிவிட்டு வருவேன், ஆறு மணிக்குத் தானாக ‘பீக் பீக்’ என்று திறந்துகொள்ளும். தினமும் தவறாமல் நடந்தது. போயும் என்னை விடவில்லையே இந்த மனுஷன், மாட்டினதுதான் மாட்டினார், நல்ல அலாரமாகப் பார்த்து மாட்டியிருக்கக் கூடாதா என்று வாய்விட்டே திட்டினேன். சனிக்கிழமை மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். பழைய பதிவையெல்லாம் அழித்துப் புதிதாகப் பதித்துப் பார்ப்போம் என்றான். எத்தனை ரிமோட் என்று கேட்டான்.

ஒன்று என்றேன். பதிக்கிற விதி எனக்குத் தெரியும், சகலை. தெரிந்துதான் சொன்னேன். அக்காவுக்குக் கார் ஓட்டத் தெரியாது, இரண்டாவது ரிமோட் யாருக்கு என்று நினைத்தேன்.

அன்று ஆறு மணிக்குச் சத்தமில்லை. நேற்றும் இல்லை. நல்லதாகப் போயிற்று என்று இன்று காலை என் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டாள்.

“என்னாங்க, அது அக்காதாங்க. தெனம் ஆறு மணிக்கு ஜன்னல்ல நின்னு அமுக்கும். அந்தச் சத்தம் கேட்டாத்தான் அடுப்பு பத்த வைக்கும். ரெண்டு நாளா அந்த வீட்ல அடுப்பே எரியல. சொல்லாதடின்னு சத்தியம் வாங்கிருச்சி. ஒரு வார்த்த கேட்டுட்டு செஞ்சிருக்கலாம் லா.”

வேலைக்கு லீவு சொல்லிவிட்டேன். அவளே போய் உங்கள் ரிமோட்டை வாங்கி வந்து என் மேசைமேல் வைத்தாள். ஐந்து மணிக்கு அக்காவைக் கார் பக்கம் கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறாள். எந்த முகத்தோடு பேசப்போகிறேன் என்று தெரியவில்லை. இதோ கேட் சத்தம் கேட்கிறது. போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

வந்துவிட்டேன்.

அக்காவை உங்கள் இடத்தில், ஸ்டியரிங் பக்கம் உட்காரச் சொன்னேன். ரிமோட்டைக் கையில் கொடுத்தேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், அவர் என்னைப் பார்க்கவில்லை. “நானும் போயிட்டேன்னு நெனச்சிட்டீங்களா தம்பி?” என்று மட்டும் கேட்டார். பக்கத்து சீட்டிலிருந்து சாய்ந்து சாவியை மூன்று முறை திருப்பினேன், பொத்தானை அழுத்தினேன். ‘பீக்’ என்றது.

“நீங்க மொதல்ல அமுக்குங்கக்கா,” என்றேன்.

“இல்ல தம்பி, நீங்க அமுக்குங்க. ஓட்டுறவரு நீங்கதான்.”

“பெரியவங்க நீங்க, நீங்கதான்.”

கார் நீளமாக ஊளையிட்டது. அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். நம் பழைய சனிக்கிழமைக் கதையை நீங்கள் எத்தனை முறை அவரிடம் சொல்லிச் சிரித்திருப்பீர்களோ, அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதார். நானும் அழுதேன். இரண்டாம் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. அவர் அழுத்தினார், பிறகு நான் அழுத்தினேன்.

ரிமோட்டை மறுபடி பையில் போட்டு, ரப்பர் பேண்ட் சுற்றிக்கொண்டு போனார்.

ஆறு மணிக்கு ‘பீக் பீக்’ என்றது. கொஞ்ச நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து தாளிக்கிற வாசமும் வந்தது. கார் திறந்து கிடக்கிறது, சகலை. உங்கள் காலத்திலிருந்தே இது என் வேலை. எழுந்து போய்ப் பூட்டிவிட்டு வருகிறேன்.