அந்தப் படத்துக்கு அடியில் என் பெயர்

என் பிரியத்துக்குரிய அப்பாவுக்கு,

பிரியம் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு கோபம்.

நேற்று போடி வீட்டில் உங்களுக்கு முதல் தெவசம். கறிக்குழம்பு, வெற்றிலை, சுக்குக் காப்பி என்று உங்களுக்குப் பிடித்ததையெல்லாம் படையலில் வைத்தோம். அக்கா டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்தப் படக்கதைப் புத்தகத்தையும் கொண்டுவந்து இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். மலையில் ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது உங்களுக்குக் கிடைத்த இங்கிலீஷ் புத்தகம். நம் வீட்டிலிருந்த ஒரே கதைப் புத்தகம்.

என் மகள்தான் புரட்டினாள். காட்டுவாசிப் படம் போட்ட பக்கம் வந்தது. தார் பூசிய உடம்பு, பாதி முகத்துக்கு உதடு, மூக்கில் எலும்பு, பக்கத்தில் மனிதனை வேகவைக்கிற அண்டா.

“அம்மா, இதுக்குக் கீழ ஒம் பேரு இருக்கு. யாரு எழுதுனா?”

உங்கள் பென்சில் எழுத்து. முருகேஸ்வரி. இன்னொரு பக்கத்தில், வெள்ளை இளவரசி படத்துக்கு அடியில் அக்காவின் பெயர்.

ஏலக்காய்க் கடையில் நாள் முழுக்க நிறம் பார்த்துக் காய் பிரித்தீர்கள். பச்சை ஒரு பக்கம், கறுத்தது ஒரு பக்கம். அந்த வேலையைக் கடையோடு விட்டுவிட்டு வந்திருக்கக் கூடாதா?

என் சின்ன வயதில், சாயங்காலம் கதை சொல்லிப் புரட்டும்போது அந்தப் பக்கம் வந்தால்தான் என்னைத் தூக்கி மடியில் வைப்பீர்கள். “ஏய் முருகு, ஒன்னைய வரைஞ்சிருக்கான் பாரு!” எல்லோரும் சிரிப்பார்கள். மடி கிடைக்கிறதே என்று நானும் சிரிப்பேன். அதை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. அந்தப் புத்தகம் எனக்கு அத்தனை பிடித்திருந்தது என்பதை நினைத்தால் இன்னும் எரிகிறது.

இலையருகிலிருந்து அதை எடுத்தேன். அக்கா கத்தினாள்.

“வெள்ளக்காரன் வரைஞ்சதுக்கு அப்பா என்னடி பண்ணுவாரு? அந்தக் காலத்துப் புத்தகம் அப்பிடித்தான் இருக்கும். வையிடி அங்கிட்டு!”

வரைந்தவனையும் நான் சும்மா விடவில்லை. ஒரு இனத்தையே மிருகமாக்கிப் பிள்ளைகள் கையில் கொடுத்தவன் அவன். ஆனால் உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, அப்பா. கதை முழுக்க நீங்களாகச் சொன்னது. நேற்றுதான் நான் வரி வரியாகப் படித்தேன். படத்திலிருக்கும் அந்த ஆளுக்குப் புத்தகத்தில் பெயரே கிடையாது. பெயர் வைத்தது நீங்கள்.

ஏன் அப்பா? அந்தப் படத்துச் சனங்கள் உங்களுக்கு என்ன செய்தார்கள்? நான்தான் என்ன செய்தேன்?

“தாத்தா எழுதுனது தப்பாம்மா?” என்று மகள் கேட்டாள். அவளும் என் நிறம்தான்.

உங்கள் போட்டோவுக்கு முன்னால் நின்றுகொண்டே, “ஆமா, தப்புத்தான்” என்றேன். அதன்பிறகு அக்கா என்னோடு பேசவில்லை.

அடுத்த தெவசத்துக்கும் வருவேன். கறிக்குழம்பை நானே வைப்பேன். புத்தகம் மட்டும் இலைக்கு வராது. அதை எரிக்கவும் மாட்டேன், அந்தப் பெயரை அழிக்கவும் மாட்டேன். மகள் கேட்கும்போதெல்லாம் அந்தப் பக்கத்தைத் திறந்து, படம் போட்டது யார், பேர் எழுதியது யார் என்று இரண்டையும் சொல்வேன். இது சத்தியம்.

அந்தப் படத்தில் இல்லாத உங்கள் இளைய மகள்,
முருகேஸ்வரி